மறு: மறு: நூலக வளைவு நிதி – ஆளுக்கு 15,000

செயலாளர் அண்ணனுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பெயரில் இருக்கிற நம் ஊர் நூலகத்துக்கு நுழைவு வளைவு கட்ட 15,000 அனுப்ப எனக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் போன மாதம் ஊருக்குப் போன அக்கா நூலகத்தையும் எட்டிப் பார்த்திருக்கிறாள். கதவைத் திறந்தால் நெல் மூட்டை. யாருடையது என்று கேட்டதற்கு யாரும் வாயைத் திறக்கவில்லையாம். அப்பா வாங்கிக் கொடுத்த கண்ணாடி பீரோவில் கீழ்த்தட்டு முழுக்கக் கரையான். மேல்தட்டில் வள்ளியப்பாவின் 'நம் நதிகள்' மட்டும் கண்ணாடி வழியாகத் தெரிந்ததாம். 14 மொழிகளில் போன புத்தகம் அது. காவிரித் தண்ணீர் குடிக்கிற நம் பிள்ளைகள் கைக்கு மட்டும் வரவில்லை.

2022-ல் அழ. வள்ளியப்பா நூற்றாண்டு என்று வசூலித்தீர்களே, அதற்கு எனக்கு இன்னும் ரசீது வரவில்லை. அந்த மனுஷன் இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். அவர் பெயரில் இருக்கிற நூலகத்துக்கு ஒரு வரவு செலவு நோட்டாவது வேண்டாமா? 1950-ல் அவரும் ஒரு சங்கம் ஆரம்பித்தார், குழந்தை எழுத்தாளர் சங்கம். பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களை ஒன்றாகச் சேர்த்தது அது. நம் சங்கம் சிமெண்ட் வாங்குகிறது.

துபாய் சித்தப்பா, "ராயவரத்துக்காரர், புதுக்கோட்டைப் பக்கம், நம் தாத்தா கொடுத்த மனையில் அவர் பெயர் எதற்கு" என்று எழுதியிருந்தார். சித்தப்பா, சென்னையில் 'சக்தி' பத்திரிகைக் காரியாலயத்தில் வேலைக்குச் சேர்ந்த அந்தப் பையனை எழுது எழுது என்று தூண்டியவர் எழுத்தாளர் தி.ஜ.ர. அந்த 'தி' நம் திருவையாற்றுக்குப் பக்கத்துத் திங்களூர். அப்படி எழுதிய முதல் கதைக்குத் தலைப்பு 'ஆளுக்குப் பாதி'. 1944-ல் 'மலரும் உள்ளம்' வந்தது, 23 பாட்டுகளோடு. நம்மூர்க்காரர் தள்ளிவிட்ட வண்டிதான் ஐயா.

எனக்கு அவர் பாட்டெல்லாம் அம்மா வாயிலிருந்து வந்தவை. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள். குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் விட்ட அன்று படித்துறையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாடுவாள். நாலடி தண்ணீர், நாற்பது பிள்ளைகள், எல்லோருக்கும் அந்த வரி தெரியும். வேப்பமரம் மாதிரி அதுவும் தானாக முளைத்தது என்றுதான் நினைத்திருந்தேன். எழுதியவர் பெயர் ஒன்று உண்டு என்பதே ஏழாம் வகுப்பில் அந்த நூலகத்தில்தான் தெரிந்தது. அன்றைக்கு ஏமாந்த மாதிரி இருந்தது, ஏனோ.

வளைவுக்கு என் பங்கு கிடையாது. மூட்டையை எடுங்கள், கரையானுக்கு மருந்து அடியுங்கள், புத்தகம் வாங்குங்கள். அதற்கென்றால் 30,000 தருகிறேன், ரசீதோடு.

– கீழத்தெரு, சிங்கப்பூரிலிருந்து

*

தம்பிக்கு,

தி.ஜ.ர. சங்கதி எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன், திங்களூர் என்றால் பேச்சே இல்லை. பெயர் இருக்கட்டும்.

மூட்டை என்னுடையது இல்லை. உன் பெரியப்பா மகனைக் கேள். ரசீது விஷயம் செயலாளர் பாடு.

ஆனால் அந்த பீரோவுக்குச் சாவி 2004-லிருந்து உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வாத்தியார் இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டு, "அவர் வாங்கிக் கொடுத்தது, கண்ட பிள்ளையும் கை வைக்கும்" என்று உன் அம்மா அனுப்பிவிட்டார். பாட்டுப் பாடிய அதே அண்ணிதான். கரையானுக்குச் சாவி வேண்டாம், அது உள்ளே போய்விட்டது.

ஆளுக்குப் பாதி என்றாயே. நீ சாவியைக் கொடு, மருந்துச் செலவு என்னுடையது.

– துபாய் சித்தப்பா