மாருதி ஈக்கோ வேனுக்கு முன்னாடி பைப் பார் அடிக்கலாமாங்க?

தாளவாடி_வேன்:
வணக்கம்ங்க. என்னோடது 2020 ஈக்கோ, அஞ்சு சீட்டு, குடும்பத்துக்கும் அதுதான் கடைக்கும் அதுதான். போன வாரம் ஆசனூர் தாண்டி வர்றப்ப காட்டுப்பன்னி ஒண்ணு குறுக்க பாஞ்சுருச்சு, பம்பர் ரெண்டா போச்சு, ரேடியேட்டர் ஓட்டையாகி தண்ணி பூராவும் ரோட்டுல, பொண்டாட்டி புள்ளைங்களோட காட்டுக்குள்ள ரெண்டு மணி நேரம் நின்னோம். ரெண்டு இஞ்ச் பைப்ல பார் வளைச்சு முன்னாடி மாட்டிரலாம்னு பாக்கறேன். எதுல புடிக்கணும், எத்தன எம்எம் பைப் போடணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பட்டறைக்காரர்:
தம்பி, ஓம்னி ஓடின காலத்துல நான் இத நெறைய பண்ணிருக்கேன், அதனால முறைய சொல்றேன். ரெண்டு இஞ்ச் எம்எஸ் பைப் (சாதா இரும்பு), 3 எம்எம் கனம், துத்தநாகம் பூசின ஜிஐ பைப் வேண்டாம், பத்த வெக்கும்போது துத்தநாகப் புகை நெஞ்சப் புடிக்கும். தகரத்துலயோ பம்பர்லயோ புடிச்சா ஆறு மாசத்துல ஆட ஆரம்பிக்கும், சேசிஸ்ல, அதான் அடியில இருக்கற இரும்புச் சட்டத்துலதான் பிராக்கெட் வெச்சு 12 எம்எம் போல்ட், உறுதியான 8.8 கிரேடு, தானா கழலாத நைலாக் நட்டு போட்டு முறுக்கணும். வண்டியிலயே வெச்சு வெல்டிங் பண்ணாதீங்க, பண்ணித்தான் ஆகணும்னா பேட்டரிய கழட்டிருங்க, இல்லன்னா ஈசிஎம், அதான் இன்ஜின் கம்ப்யூட்டர், போயிரலாம்.

இவ்வளவும் சொல்லிட்டு இன்னொண்ணு சொல்றேன், இப்ப யார் வந்து கேட்டாலும் நான் அடிச்சுத் தர்றதில்ல. 3 எம்எம் பைப் மீட்டருக்கு மூணரை கிலோ வரும், ஒரு பாருக்கு அஞ்சு மீட்டர் ஆகும், கணக்குப் போடுங்க, பதினேழு கிலோவுக்கு மேல மூக்குல தொங்கும். எங்கிட்ட பார் போட்ட ஓம்னி ஒண்ணு புளியமரத்துல மோதி வந்துச்சு. பாருக்கு ஒரு கீறல் இல்ல, ஆனா சேசிஸ் ரெண்டு பக்கமும் உள்ள மடங்கி டிரைவர் டோர தொறக்கவே முடியல, கடப்பாரை வெச்சுத்தான் நெம்பினோம். நசுங்க வேண்டிய எடத்த பார் நசுங்க விடல, அடி நேரா முழங்காலுக்கு வந்துருச்சு. அன்னிக்கு விட்டது.

கோவை_டிரைவர்:
அண்ணன் சொல்றதுதான் சரி. 2019 ஜூலைல இருந்து காருக்கெல்லாம் டிரைவர் ஏர்பேக் கட்டாயம், அதனால உங்க 2020 வண்டியில இருக்கும். மோதும்போது வண்டி எவ்வளவு வேகமா நிக்குதுன்னு பாத்துத்தான் சென்சார் பைய வெடிக்க வெக்குது, முன்னாடி இரும்ப மாட்டினா அந்தக் கணக்கே மாறிரும், லேட்டா விரியலாம், விரியாமயும் போகலாம். சட்டமும் விடாதுங்க, 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் புல் பார், அதான் இந்த முன்பக்க பார் மேல நடவடிக்கை எடுங்கன்னு எல்லா மாநிலத்துக்கும் எழுதிட்டாங்க, வண்டிய மாத்தி அடிக்கறது பத்தின மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு. ரோட்ட தாண்டற மனுசன் மேல பம்பர் பட்டா பிளாஸ்டிக் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், பைப் குடுக்குமா? இன்சூரன்ஸ்காரங்கட்ட சொல்லாம மாட்டினா கிளெய்ம்லயும் இழுத்தடிப்பாங்க.

தாளவாடி_வேன்:
புள்ளைங்க முன் சீட்டுக்கு சண்டை போடுவாங்க, முழங்கால் கதைய படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. பார் வேண்டாம்ங்க. ஆனா ரேடியேட்டருக்கு ஏதாச்சும் வழி இருக்கா?

பட்டறைக்காரர்:
இருக்கு. பம்பருக்கு உள்பக்கம் அரை இஞ்ச் கண்ணு வெல்ட் மெஷ் (கம்பி வலை), ரேடியேட்டர்ல இருந்து ஒரு இஞ்ச் தள்ளி, ரேடியேட்டர தொடாம பிராக்கெட்ல சின்ன போல்ட் போட்டு மாட்டுங்க. கல்லு, ஒடஞ்ச பம்பர் துண்டு குத்தாது. பன்னிய அது தாங்காது, பொய் சொல்ல மாட்டேன். மழைக்காலத்துல சேறு அடைச்சுக்கும், வாரம் ஒருக்கா தண்ணி அடிச்சு விடுங்க, இல்லன்னா ஹீட் ஏறும்.

கோவை_டிரைவர்:
திம்பம் மலைப்பாதையில ராத்திரி வண்டி ஓட்டத் தடை இருக்கு, அதனால செக்போஸ்ட் கேட்டு மூடறதுக்குள்ள கீழ எறங்கிரணும்னு எல்லாரும் ஆசனூர்ல இருந்தே மிதிக்கறாங்க. பன்னி மான் அடிபடறது அந்த நேரத்துலதான். அரை மணி நேரம் முன்னாடியே கெளம்பி முப்பதுலயே வாங்க. ஒரு பன்னி தாண்டுச்சுன்னா உடனே எடுக்காதீங்க, பின்னாடி குட்டிங்க வரும்.



தாளவாடி_வேன்:
சரிங்கண்ணா, ஞாயித்துக்கெழம மெஷ் மாட்டிட்டு போட்டோ போடறேன்.