குன்னம் பக்கம் கிடைத்த உருண்டைக் கற்கள்: முட்டைதானா?

பெரம்பலூர் மாவட்டம் குன்னத்துக்குப் பக்கத்தில் சித்தப்பா வயலில் போன மாதம் பண்ணைக்குட்டை வெட்டினார்கள். ஆளுயர ஆழத்தில், மஞ்சள் களிமண்ணுக்குள் உருண்டைக் கற்கள் வந்தன. ஊரே டைனோசர் முட்டை என்கிறது, செல்ஃபி எடுக்க வேறு வருகிறார்கள்.

எனக்குச் சந்தேகம்தான். 2020இல் இதே குன்னத்தில் கிளம்பிய முட்டைப் பேச்சு, கடைசியில் அம்மோனைட்டை (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரி) சுற்றி இறுகிய படிவ உருண்டைகள் என்று முடிந்தது. ஆனால் பெரிய கல் 16 செ.மீ. குறுக்களவு. மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் கிடைத்ததாக 2023இல் அறிவித்த டைட்டனோசர் (நீண்ட கழுத்துள்ள, தாவரம் தின்னும் பெரிய டைனோசர் வகை) முட்டைகளும் 15 முதல் 17 செ.மீ.தான். அதுதான் குழப்புகிறது. மற்ற கற்கள் ஒரே அளவில் இல்லை.

ஜேசிபி பட்டு ஒன்று உடைந்தது. உள்ளே வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக, துரு நிறத்தில் இருக்கிறது. நடுவில் சிப்பியோ எலும்போ இல்லை.

வினிகர் விட்டேன், நுரைத்தது. முட்டை ஓடும் நுரைக்கும், சுண்ணாம்புக்கல்லும் நுரைக்கும், அதனால் பயனில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்ததில் முட்டை ஓட்டில் இருக்கும் நுண்துளைகள் மேற்பரப்பில் தெரியவில்லை. தெரிந்த புவியியல் ஆசிரியர் போட்டோவை வைத்துச் சொல்ல முடியாது என்றுவிட்டார்.

முழுக் கற்களை அறுக்காமல், இந்த உடைந்த துண்டை வைத்தே முட்டையா இல்லையா என்று தீர்மானிக்க எதைப் பார்க்க வேண்டும்?