கல்லூரிக் காலத்தில் எழுதிய முதல் ரெஸ்யூம்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

நெல்லைக்காரன்:

இறுதியாண்டுக்குப் போகும் தம்பி தங்கைகள் பலர் ரெஸ்யூம் மாதிரி ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்கிறார்கள். அனுப்ப எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் நான் கெட்டதே ஒரு மாதிரியால்தான். நடந்ததை எழுதுகிறேன், மற்றவர்களும் தங்களுக்கு நேர்ந்ததை எழுதினால் நன்றாக இருக்கும்.

நான் மெக்கானிக்கல் படித்தேன். ஏழாம் செமஸ்டர் தொடங்கிய வாரத்தில், மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் மூன்று பிரதிகளுடன் செமினார் ஹாலுக்கு வர வேண்டும் என்று பிளேஸ்மென்ட் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. விடுதியில் ஒரு சீனியரின் வேர்டு கோப்பு கைமாறிக் கைமாறி இரவு பதினொரு மணிக்கு என்னிடம் வந்து சேர்ந்தது. பெயர், பதிவெண், மதிப்பெண், அப்பா பெயர் ஆகியவற்றை மட்டும் மாற்றிவிட்டு, சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தோடு சேர்ந்து வளர விரும்புகிறேன் என்ற பொருளில் எல்லார் தாளிலும் முதலில் நிற்குமே அந்த ஆங்கில வாக்கியம், அதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல், காலையில் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் நின்ற நான்கு பேரும் அதே கோப்பைத்தான் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அது எனக்குத் தைரியமாகவே இருந்தது.

நேர்காணல் எடுத்தவர் தாளைக் கடைசி வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். "தம்பிக்குச் சேலமா?" என்றார். "இல்லை சார், அம்பாசமுத்திரம்" என்றேன். மேற்கண்டவை யாவும் உண்மை என்று உறுதிமொழி கொடுத்திருந்த வரிக்கு நேர் கீழே, 'இடம்' என்ற பகுதியில், சீனியரின் ஊர் அப்படியே கிடந்தது. அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்து ஆன்சிஸ் (இயந்திர பாகங்களின் வலிமையைக் கணினியில் சோதிக்கும் மென்பொருள்) தெரியும் என்ற வரியில் விரல் வைத்து, கணக்கிடுவதற்காகப் பாகத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கும் மெஷ்ஷை நுணுக்கமாக்கினால் விடை ஏன் மாறுகிறது என்று கேட்டார். ஆய்வகத்தில் சார் திரையில் ஒரே ஒருமுறை பார்த்ததைத் தவிர எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத் தாளை என் பக்கம் நகர்த்தி, "இதிலே உன்னுடைய வரி எது?" என்றார்.

என்னுடைய வரி அதில் இல்லை. விடுமுறை விட்டால் மாமாவின் லேத் பட்டறையில்தான் இருப்பேன் என்று சொன்னேன். அதன் பிறகு கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம்: மோட்டார் பம்புக்குப் புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) கடைவது, 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியரில் அளந்ததை 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டரில் ஏன் மறுபடி அளக்க வேண்டும், கடையும் துண்டு சூடாக இருக்கும்போது எடுத்த அளவை ஏன் நம்பக்கூடாது. "இதை ஏன் எழுதவில்லை?" என்றார். சொந்தக்காரர் பட்டறையில் கூடமாட நிற்பதெல்லாம் ரெஸ்யூமில் எழுதும் விஷயம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. அன்றிரவே கோப்பை முழுக்க அழித்துவிட்டு, பட்டறையை முதலில் வைத்து எழுதினேன்.

திருப்பூர் கணக்கு:

அண்ணா சொன்னதைப் படித்ததும் என் கதையும் அதுதான் என்று தோன்றியது. நான் பி.காம். படித்தபோது மாலை நேரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆனால் என் முதல் ரெஸ்யூமில் இருந்தது இவ்வளவுதான்: டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) தெரியும், எம்.எஸ். ஆபீஸ் தெரியும், கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து வேலை செய்வேன். இவற்றுடன் மதம், ரத்த வகை, திருமணமாகாதவர் என்ற தகவல், ஆதார் எண் எல்லாமும் இருந்தன. யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாத தாளில் ஆதார் எண்ணை அச்சடித்து அனுப்பியதை நினைத்தால் இப்போதும் எனக்கே என் மேல் கோபம் வருகிறது. இருபது இடங்களுக்கு அனுப்பினேன், ஓர் இடத்திலிருந்தும் பதில் இல்லை.

அலுவலகத்தில் இருந்த மூத்த அக்கா ஒருநாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாசா மாசம் பதினோராம் தேதி எதுக்கு இப்படிப் பறக்கிறே, அதை எழுதேன்" என்றார்கள். அன்று உட்கார்ந்து ஒரே வரியை ஐந்தாறு முறை மாற்றி எழுதினோம். கடைசியில் நின்றது இது: 'மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் பன்னிரண்டு பின்னலாடை வணிகர்களின் விற்பனை பில்களை டேலி பிரைமில் பதிவு செய்து, ஜி.எஸ்.டி.ஆர்.-1 விவரங்களை 11ஆம் தேதிக்குள் தயாரித்தேன். 14ஆம் தேதி வரும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கையுடன் கொள்முதல் பில்களை ஒப்பிட்டு விடுபட்டவற்றைப் பட்டியலிட்டேன்.' (ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்பது வணிகர் தாக்கல் செய்யும் விற்பனை விவரம். 2பி என்பது அவருக்குச் சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததிலிருந்து வரும் கொள்முதல் விவரம்.) கடின உழைப்பாளி என்ற சொல்லை எடுத்துவிட்டோம். பன்னிரண்டு பேர், பதினோராம் தேதி என்பதிலேயே அது தெரிந்துவிடுகிறது.

அடுத்த நேர்காணலில் அந்த வரியிலிருந்துதான் கேள்வி வந்தது. "2பியில் ஒரு பில் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். சரக்கு அனுப்பியவரைக் கூப்பிட்டு, அவருடைய அடுத்த ஜி.எஸ்.டி.ஆர்.-1இல் அதைச் சேர்க்கச் சொல்வேன், 2பியில் வரும்வரை அந்தக் கொள்முதலில் கட்டிய ஜி.எஸ்.டி.யை (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ள மாட்டேன் என்றேன். தினமும் செய்த வேலை என்பதால் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அங்கேதான் இப்போதும் வேலை பார்க்கிறேன்.

மேசைக்கு அந்தப்பக்கம்:

சில ஆண்டுகளாக எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் சார்பில் கல்லூரிகளுக்கு ஆளெடுக்கப் போகிறேன். முதல் வடிகட்டலில் ஒரு தாளுக்கு அரை நிமிடம் கொடுத்தாலே அதிகம். அந்த அரை நிமிடத்தில் கண்ணில் படுவது படிப்பும் ப்ராஜெக்டும்தான், எனவே ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம் என்பேன்.

என்னைச் சோர்வடையச் செய்வது ப்ராஜெக்ட் பகுதி. ஒரே குழுவின் நான்கு மாணவர்கள் அடுத்தடுத்து வந்து, 'முகம் அறியும் வருகைப் பதிவு முறையை உருவாக்கினோம்' என்ற ஒரே வாக்கியத்தை நீட்டுவார்கள். யார் எதைச் செய்தீர்கள் என்றால் நான்கு பேரும் ஒருவரையொருவர் நினைத்துக்கொண்டு பேசுவார்கள். ஒருமுறை ஒரு மாணவி மட்டும், படங்களைச் சேகரித்து வகைப்படுத்தியது தான் என்றும், வெளிச்சம் குறைந்த வகுப்பறையில் எடுத்த படங்களில் பிழை அதிகமாக வந்ததால் காலையிலும் மாலையிலும் தனித்தனியாக எடுத்துச் சேர்த்ததாகவும் எழுதியிருந்தார். நிரலின் பெரும்பகுதியை எழுதியது அவருடைய நண்பர். ஆனாலும் என்ன செய்தோம் என்று தெரிந்தவர் அந்தக் குழுவில் அவர்தான் என்று எனக்குப் பட்டது. அடுத்த சுற்றுக்கு அனுப்பினேன்.

சான்றிதழ்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரைநாள் வெபினார் சான்றிதழ்கள் ஒன்பதை அடுக்குவதைவிட, பன்னிரண்டு வாரம் அசைன்மென்ட் எழுதி, தேர்வு மையத்துக்குப் போய் எழுதிய என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணைய வகுப்பு) பாடம் ஒன்று எனக்குப் போதும். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) இருந்தால், ஏழு நாள் முகாமில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். ஐம்பது பேருக்குச் சாப்பாட்டுக் கணக்கு பார்த்தவர் என்றால் நான் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்பேன்.

இன்னொன்று: பக்கத்தை இடமும் வலமுமாக இரண்டு பத்தியாகப் பிரித்து, பைத்தானுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் போட்டு வரும் வண்ண வடிவங்கள் இப்போது நிறைய வருகின்றன. எந்த அளவுகோலில் நான்கு என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. இணையத்தில் விண்ணப்பித்தால் உங்கள் கோப்பை முதலில் படிப்பது பெரும்பாலும் மென்பொருள்தான். இப்படிப் பக்கம் பக்கமாக நிற்கும் பத்திகள் அதற்குக் குழம்பிப் போகலாம், படமாக வைத்த எழுத்து தெரியாமலே போகலாம். பி.டி.எஃப். கோப்பில் உள்ள எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். உங்களுக்கே புரியாமல் கலைந்து வந்தால் மென்பொருளுக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஈ.சி.இ. மூன்றாமாண்டு:

அண்ணா, எனக்கு இரண்டாம் ஆண்டில் இரண்டு அரியர் (தேர்ச்சி பெறாத பாடம்) இருந்தது, இப்போது முடித்துவிட்டேன். அதை ரெஸ்யூமில் எழுத வேண்டுமா? எழுதாவிட்டால் மறைத்ததாகிவிடுமா?

மேசைக்கு அந்தப்பக்கம்:

தம்பி, ரெஸ்யூமில் சி.ஜி.பி.ஏ. எழுதினால் போதும், முடித்த அரியரை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தில் கேட்டால் உள்ளதை எழுதிவிடுங்கள். கேள்வியைக் கவனமாகப் படியுங்கள்: இப்போது நிலுவையில் அரியர் உண்டா என்று கேட்பது வேறு, எப்போதாவது இருந்ததா என்று கேட்பது வேறு. வேலை உறுதியான பிறகு சான்றுகளைச் சரிபார்ப்பார்கள். அப்போது முரண் தெரிந்தால், அரியருக்காகப் போகாத வேலை பொய்க்காகப் போய்விடும்.

ஈ.சி.இ. மூன்றாமாண்டு:

நன்றி அண்ணா. நீங்கள் சொன்னபடி நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். என் கைபேசி எண்ணின் பாதி 'பைத்தான்' என்பதற்குப் பிறகும், மீதிப் பாதி 'பொழுதுபோக்கு: கேரம்' என்பதற்குப் பிறகும் வந்திருக்கிறது. இந்த வடிவத்தில்தான் போன மாதம் இரண்டு இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பினேன். இன்று இரவு ஒற்றைப் பத்தியில் புதிதாக எழுதுகிறேன். அப்பாவின் செல்போன் கடையில் போர்டு மாற்றிப் பழகியதையும் சேர்க்கப் போகிறேன்.