டெக்சாஸ் 23வது தொகுதி: மே 28 ரன்-ஆஃப்ல நான் ஓட்டு போடலாமா? இந்தத் தொகுதியைப் பத்தி விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோவை_டு_சான்அன்டோனியோ (ஏப்ரல் 2024)

எல்லாருக்கும் வணக்கமுங்க. பிப்ரவரிலதான் சிட்டிசன்ஷிப் உறுதிமொழி எடுத்தேன். வெளிய வர்றப்பவே வாசல்ல மேசை போட்டு உக்காந்திருந்த ஒரு பாட்டிம்மா ஓட்டர் ஃபார்மைக் கையில கொடுத்து, அங்கயே நிரப்ப வச்சு வாங்கிட்டுத்தான் விட்டாங்க. அப்புறம் கார்டு தபால்ல வந்துச்சு, கட்டம் கட்டமா ஏகப்பட்ட நம்பர், காங்கிரஸ், அதாவது நாடாளுமன்றத் தொகுதின்னு போட்ட கட்டத்துல 23. மார்ச் 5 ப்ரைமரிக்கு நான் லேட், அதுக்கான பதிவு முன்னாடியே முடிஞ்சு போச்சு.

இப்ப எங்க தெருவுல ரெண்டு பேர் போர்டு மாறி மாறி நிக்குது, டோனி கொன்சாலஸ், பிராண்டன் ஹெரேரா. ரெண்டு பேருமே ரிபப்ளிகன். நவம்பர்லதானே எலெக்‌ஷன், இப்ப எதுக்கு ஒரே கட்சிக்குள்ள இவ்வளவு சண்டை? நான் எந்தக் கட்சியிலயும் இல்ல, எனக்கு இதுல ஓட்டு உண்டா? அப்புறம் மெக்சிகோ எல்லை ஓரமா இவ்வளவு நீளத்துக்கு ஓடுற தொகுதி, லத்தீனோ மக்கள்தான் மெஜாரிட்டி, அங்க எப்படி ரிபப்ளிகன் ஜெயிக்கிறாங்கன்னும் புரியல. முதல் ஓட்டு, ஏனோதானோன்னு போட மனசு வரல, அதனாலதான் இங்க வந்து கேக்குறேன்.

அலமோ_மாமா

வாழ்த்துகள் தம்பி. முதல்ல ரூல். டெக்சாஸ்ல ஓட்டர் பதிவுல கட்சிங்கிற சங்கதியே கிடையாது. ப்ரைமரிங்கிறது நவம்பர் தேர்தலுக்கு ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குற ஓட்டு, அன்னைக்கு எந்தக் கட்சி பேலட் (வாக்குச் சீட்டு) வேணும்னு கேப்பாங்க, நீங்க சொல்றதுதான். மார்ச்ல டெமாக்ரட் ப்ரைமரில போட்டிருந்தா மட்டும் ரிபப்ளிகன் ரன்-ஆஃப்ல போட முடியாது. நீங்க மார்ச்ல எதுலயுமே போடல, அதனால தாராளமா போடலாம். முன்கூட்டிப் போடுறது மே 20லேர்ந்து 24 வரைக்கும். பதிவு பண்ண கடைசி நாள் ஏப்ரல் 29, இதைப் படிக்கிற வேற யாராச்சும் இன்னும் பதிவு பண்ணலன்னா இன்னைக்கே கிளம்புங்க.

ரன்-ஆஃப் ஏன்னா, இங்க ப்ரைமரில பாதிக்கு மேல வாங்கணும், யாரும் வாங்கலன்னா முதல் ரெண்டு பேருக்கு நடுவுல மறுபடி ஓட்டு. அஞ்சு பேர் நின்னாங்க, சிட்டிங் மெம்பர் கொன்சாலஸ் 45 சதவீதத்துலயே நின்னுட்டாரு, ஹெரேரா கிட்டத்தட்ட 25. சிட்டிங் ஆளு சொந்தக் கட்சில பாதியைத் தாண்டலன்னா அது சாதாரண விஷயம் இல்ல. டெமாக்ரட் பக்கம் சான்டோஸ் லிமோன் மார்ச்லயே ஜெயிச்சாச்சு. ஆனா 2021ல தொகுதிக் கோடு மாத்தி வரைஞ்சதுலேர்ந்து இந்தத் தொகுதி ரிபப்ளிகன் பக்கம் நல்லாவே சாஞ்சிருச்சு, அதனால உண்மையான தேர்தல் மே 28தான்னு நான் நினைக்கிறேன்.

இப்ப கதைக்கு வர்றேன். நான் இங்க வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இந்த 23 மாதிரி அலைக்கழிஞ்ச தொகுதி நாட்டுலயே கம்மி. சான் அன்டோனியோ ஓரத்துல ஆரம்பிச்சு எல் பாசோ கிட்ட வரைக்கும் போகுது, ஐ-10ல விடாம ஓட்டினாலே 550 மைல், நடுவுல கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி போயிரும். எல்லை மட்டுமே சுமார் 800 மைல். முன்னாடி இதுல லரேடோங்கிற எல்லை ஊரு பெருசா இருந்துச்சு, 2003ல மறுவரையறைங்கிற பேர்ல லரேடோலேர்ந்து ஒரு லட்சம் பேர் கிட்ட வெட்டி எடுத்தாங்க, ஏன்னா அப்ப மெம்பரா இருந்த ரிபப்ளிகன் ஹென்ரி போனிலாவுக்கு லத்தீனோ ஓட்டு கைவிட்டுப் போயிட்டு இருந்துச்சு. 2006ல சுப்ரீம் கோர்ட் அது வாக்குரிமைச் சட்டத்துக்கு விரோதம்னு சொல்லிருச்சு, அந்த டிசம்பர்லயே டெமாக்ரட் சிரோ ரோட்ரிகஸ் கிட்ட போனிலா தோத்தாரு. 2010ல ரோட்ரிகஸை ரிபப்ளிகன் கன்செகோ தோக்கடிச்சாரு, 2012ல கன்செகோவை டெமாக்ரட் பீட் கயேகோ, 2014ல கயேகோவை வில் ஹர்ட். அதுக்கு நடுவுல இன்னொரு மேப் சண்டை, அதுல வாஷிங்டன் கோர்ட் கண்டுபிடிச்சது என்னன்னா, லத்தீனோ எண்ணிக்கை பேப்பர்ல அப்படியே தெரியட்டும், ஆனா தவறாம ஓட்டு போடுற ஏரியாவை வெளிய தள்ளி, ஓட்டு போடுற பழக்கம் கம்மியான ஏரியாவை உள்ள இழுத்து வச்சிருக்காங்கன்னு. நீங்க "லத்தீனோ மெஜாரிட்டி, அப்புறம் எப்படி"ன்னு கேட்டீங்களே, அதுக்கு ஒரு பாதிப் பதில் இதுலயே இருக்கு.

இன்னொரு பாதி ஆளைப் பொறுத்தது. ஹர்ட் முன்னாள் சிஐஏ ஆளு, கறுப்பின ரிபப்ளிகன், ஊர் ஊரா டெய்ரி குயின் கடைல உக்காந்து மக்களைப் பார்ப்பாரு. எல்லையில சுவர் கட்டுறது காசுக்குப் பிடிச்ச கேடுன்னு சொந்தக் கட்சிக்கு எதிரா வெளிப்படையாவே சொன்னவரு. 2018ல டெமாக்ரட் ஜீனா ஓர்டிஸ் ஜோன்ஸை வெறும் 926 ஓட்டுல ஜெயிச்சாரு. அடுத்த வருஷமே நான் மறுபடி நிக்கலன்னுட்டாரு. அந்த இடத்துக்கு வந்தவர்தான் கொன்சாலஸ், கடற்படையில இருந்தவரு. 2020 ரன்-ஆஃப்ல இவர் ஜெயிச்சது எத்தனை ஓட்டுலன்னு தெரியுமா? 45. நாப்பத்தஞ்சே ஓட்டு தம்பி. எங்க கல்யாணத்துக்கு மணமேடையைச் சுத்தி நின்ன கூட்டம் அதைவிட ஜாஸ்தி.

ரியோகரை_பிசியோ

நான் ஈகிள் பாஸ்ங்கிற எல்லை ஊர்ல பிசியோதெரபிஸ்டா இருக்கேன், ஆறு வருஷமாச்சு. இந்த ஊரை டிவிலதான் எல்லாரும் பாத்திருப்பீங்க. எல்லையா ஓடுற ரியோ கிராண்ட் ஆத்தோரம் ஷெல்பி பார்க்னு ஒண்ணு இருக்கு, சாயங்காலம் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போற இடம், படகு இறக்குற சரிவு, பக்கத்துல கோல்ஃப் மைதானம், அவ்வளவுதான். ஜனவரியில மாநில அரசு அதை மூடி எடுத்துக்கிச்சு. இப்ப கரை பூரா ப்ளேடு கம்பிச் சுருள், அதுக்குப் பின்னால கப்பல் கன்டெய்னரு வரிசையா. மத்திய அரசோட எல்லைக் காவல் படையான பார்டர் பேட்ரோலையே உள்ள விடல, அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு.

நீங்க கேட்ட லத்தீனோ விஷயத்துக்கு வர்றேன். என்கிட்ட வர்ற பேஷண்ட்ல பத்துக்கு ஒம்பது பேரு மெக்சிகன் அமெரிக்கன். இவங்க யாரும் தங்களை அகதிகளோட சேத்துப் பாக்குறது இல்ல, அதை நாம முதல்ல புரிஞ்சுக்கணும். அஞ்சாறு தலைமுறையா இங்கயே இருக்குற குடும்பங்க, சில குடும்பத்துக்கு எல்லைக்கோடே பின்னாடி வந்ததுதான். வீட்டுக்கு ஒரு பையனோ மருமகனோ பச்சை யூனிஃபார்ம் போட்டு பார்டர் பேட்ரோல்ல வேலை பாப்பான், சுத்து வட்டாரத்துல நல்ல சம்பளம், இன்சூரன்ஸோட கிடைக்கிற வேலை அதுதான். பல்லு கட்டவும் மருந்து வாங்கவும் பாலம் தாண்டி மெக்சிகோ பக்கம் இருக்குற பியத்ராஸ் நெக்ராஸ் போவாங்க, அக்கா வீடு அங்க இருக்கும், தங்கச்சி வீடு இங்க இருக்கும். போன வருஷக் கடைசில ஆத்தைக் கடந்து வர்றவங்க கூட்டம் தாங்காம ஒரு பாலத்துல வண்டி விடுறதை நிறுத்துனாங்க, டிசம்பர்ல ரயிலையும் சில நாள் நிறுத்துனாங்க. கிறிஸ்துமஸ் நேரம் டவுன்டவுன் கடைங்க ஈ ஓட்டுச்சு. துணிக்கடை வச்சிருக்குற ஒரு பாட்டி, முழங்கால் சிகிச்சைக்கு வர்றவங்க, என்கிட்ட சொன்னாங்க, "எனக்கு அந்தப் புள்ளைங்க மேல கோவம் இல்ல, ஆத்துல மிதந்து வந்த செருப்பைப் பாத்தா வயிறு பத்திக்கிட்டு வருது, ஆனா பாலத்தை மூடுனா நான் எதைத் தின்பேன்"னு. அவங்க ஆயுசு பூரா டெமாக்ரட்டுக்கே போட்டவங்க. இந்த நவம்பர்ல யாருக்குப் போடுவாங்கன்னு அவங்களுக்கே தெரியல. 2016ல எங்க மேவரிக் கவுண்டில ஹிலாரிக்கு முக்கால்வாசிக்கு மேல விழுந்துச்சு, 2020ல பைடனுக்கு 54 சதவீதம். நாலு வருஷத்துல அவ்வளவு சரிவு. அதுக்கு அடுத்த வருஷம் டெல் ரியோ பாலத்துக்கு அடியில 15,000 பேர் கிட்ட வந்து உக்காந்தது வேற, பெரும்பாலும் ஹெய்ட்டிக்காரங்க.

இதை வெளியூர்ல இருந்து பாக்குறவங்க ஒண்ணு இனவெறின்னுவாங்க, இல்லன்னா படையெடுப்புன்னுவாங்க. ரெண்டும் இந்த ஊரைப் பாக்காதவங்க பேச்சு.

வரிசையில்_11வருஷம்

ரியோகரை அக்கா சொன்னதை மறுக்கல. ஆனா இங்க ஒரு குரல் வரலையேன்னு எழுதுறேன். நான் க்ரீன் கார்டுக்கு 11 வருஷம் வரிசையில நின்னேன். அந்த 11 வருஷத்துல அப்பாவோட கடைசிக் காரியத்துக்குப் போக முடியாம, விசா ஸ்டாம்பிங் பயத்துல இங்கயே உக்காந்து வீடியோ கால்ல பாத்தவன் நான். ஒழுங்கா எழுதிக் கொடுத்துக் காத்திருந்தவனுக்கு இந்தக் கதி, ஆத்தைக் கடந்து வந்தவனுக்கு வேற வழின்னா எனக்கு எரியத்தான் செய்யும். எல்லைக்குக் கட்டுப்பாடு வேணும்னு கேக்குறவன் எல்லாம் ஈவிரக்கம் இல்லாதவன் இல்ல. கொன்சாலஸ் இதுல வழவழன்னு பேசுறாருன்னுதான் ஹெரேரா பக்கம் இத்தனை பேர் போறாங்க. இன்னொரு டெக்சாஸ் ரிபப்ளிகன் மெம்பர் சிப் ராய் கொண்டு வந்த எல்லை மசோதாவை எதிர்த்தவர் கொன்சாலஸ்.

அலமோ_மாமா

அப்பா காரியத்துக்குப் போக முடியாததைப் படிச்சதும் மனசு கனத்துப் போச்சுப்பா. உன் கோவம் நியாயம். ஆனா அந்த வரிசை நீளமானது ஆத்தைக் கடந்து வந்தவனால இல்ல, ஒரு நாட்டுக்கு வருஷத்துக்கு ஏழு சதவீதம்னு 1990லேர்ந்து வச்சிருக்குற உச்சவரம்பால. அதை மாத்த வேண்டியது காங்கிரஸ்தான், அந்த ஒரு சீட்டுக்குத்தான் இப்ப ஓட்டு. சிப் ராய் மசோதாவை கொன்சாலஸ் எதிர்த்ததுக்குக் காரணம், தஞ்சம் கேக்குற வழியையே அது அடைச்சிரும்னு அவர் சொன்னது. அது சரியா தப்பான்னு நீயே படிச்சு முடிவு பண்ணு.

டீச்சரம்மா_78

நான் சான் அன்டோனியோல நாலாங்கிளாஸ் டீச்சர். எல்லாரும் எல்லையைப் பத்தியே பேசுறீங்க, இந்த ரன்-ஆஃப் வந்ததுக்கு இன்னொரு காரணத்தை யாரும் தொடல. உவால்டே இதே தொகுதிதான். எங்க வீட்லேர்ந்து 80 மைல் சொச்சம், ஹைவே 90ல நேரா மேற்கே. 2022 மே 24, ராப் எலிமென்டரி ஸ்கூல்ல துப்பாக்கிச் சூடு, செத்தது 19 பிள்ளைங்க, ரெண்டு டீச்சர். 376 போலீஸ்காரங்க வந்திருந்தாங்க, 77 நிமிஷம் கழிச்சுத்தான் கதவைத் திறந்து உள்ள போனாங்க. செத்த பிள்ளைங்க பூரா நாலாங்கிளாஸ். என் கிளாஸ்.

அந்த ஜூன்ல துப்பாக்கிச் சட்டம் ஒண்ணு வந்துச்சு. பெரிய சட்டம் இல்ல, 21 வயசுக்குக் கீழ உள்ளவன் வாங்க வந்தா கூடுதலா விசாரிக்கணும், ஸ்கூல் பாதுகாப்புக்கும் மனநலத்துக்கும் பணம், இவ்வளவுதான். பிரதிநிதிகள் சபையில 14 ரிபப்ளிகன்தான் ஆதரிச்சாங்க, டெக்சாஸ்லேர்ந்து ஒரே ஆளு, கொன்சாலஸ். அதுக்கும், ஒரே பாலினத் திருமணத்துக்கு ஆதரவா ஓட்டு போட்டதுக்கும், இன்னும் சிலதுக்கும் சேத்து மாநிலக் கட்சி 2023 மார்ச்ல அவர் மேல கண்டனத் தீர்மானம் போட்டுச்சு. எதிர்ல நிக்கிறவரு யாரு? யூடியூப்ல துப்பாக்கி வீடியோ போட்டுப் பேர் வாங்குனவரு, "ஏகே கை" (AK Guy, ஏகே துப்பாக்கி ஆளு)னு பட்டப்பேரு. புளோரிடாவுலேர்ந்து ரிபப்ளிகன் மெம்பர் மேட் கெய்ட்ஸ் வந்து அவருக்காகப் பேசுனாரு. கவர்னர் ஆபட் கொன்சாலஸ் பக்கம்.

நான் டெமாக்ரட். மார்ச்ல டெமாக்ரட் பேலட்தான் எடுத்தேன், அதனால எனக்கு மே 28ல இந்தப் போட்டில ஓட்டு இல்ல. அதுதான் என் வருத்தம். ஒருவாட்டி கார்னர் ஸ்டேட் பார்க் போறப்ப உவால்டேல வண்டிய நிறுத்தி அந்த ஊர்ச் சுவர்ல வரைஞ்சிருக்குற படங்களைப் பாத்தேன், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழுச் சுவரு. ஒரு படத்துக்குக் கீழ யாரோ ஒரு ஜூஸ் டப்பா வச்சிருந்தாங்க, ஸ்ட்ராவைக்கூடப் பிரிக்காம. தம்பி, உங்களுக்கு ஓட்டு இருக்கு. யாருக்குன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல, ஆனா போயிட்டு வாங்க.

கோவை_டு_சான்அன்டோனியோ (மே 22)

போட்டுட்டேனுங்க. மத்தியான சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல இருக்குற நூலகத்துக்குப் போனேன். 100 அடி தூரத்துக்கு ஒரு போர்டு வச்சு, அதுக்கு இந்தப் பக்கம் பிரசாரம் கூடாதுன்னு போட்டிருந்துச்சு. லைசென்ஸைக் காட்டினேன், எந்தக் கட்சின்னு கேட்டாங்க, அதைச் சத்தமா சொல்றதுக்குள்ள கொஞ்சம் கூச்சமாதான் இருந்துச்சு. நீளமா ஒரு வெள்ளை அட்டை கொடுத்தாங்க, அதை மெஷின்ல விட்டு ஸ்கிரீன்ல தொட்டா அட்டைல பிரிண்ட் ஆகி வருது, அதை எடுத்துப் போய் நானே ஸ்கேனர்ல விட்டேன். எனக்கு முன்னாடி ரெண்டே பேரு. கூட்டமே இல்லீங்க, அதுதான் ஆச்சரியம். யாருக்குப் போட்டேன்னு இங்க சொல்லல, டீச்சரம்மா எழுதுனதை ரெண்டு மூணு தடவ படிச்சேன்னு மட்டும் சொல்லிக்கிறேன்.

அலமோ_மாமா (மே 29)

ரிசல்ட் பாத்தீங்களா? கொன்சாலஸ் ஜெயிச்சுட்டாரு, வித்தியாசம் ஏறத்தாழ 400 ஓட்டு. ஏழரை லட்சம் பேருக்கு மேல இருக்குற தொகுதி, விழுந்தது மொத்தமே முப்பதாயிரம் கிட்டத்தான். நினைவு நாள் லாங் வீக்கெண்டுக்கு மறுநாள் வச்சா எவன் வருவான்? எங்க தெருவுலயே நிறைய தமிழ் வீடுங்க இருக்கு, கேட்டுப் பாத்தேன், நாலு வீட்டுக்கு இப்படி ஒரு தேர்தல் நடந்ததே தெரியல.

ரியோகரை_பிசியோ

இங்க துணிக்கடைப் பாட்டியும் நேத்துப் போயிருக்காங்க, வாக்கரோட. இன்னைக்கு சிகிச்சைக்கு வந்தப்ப சட்டைல ஓட்டு போட்டதுக்குக் கொடுக்குற ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்துச்சு. நவம்பருக்கு லிமோனா கொன்சாலஸான்னு கேட்டேன், "அதுக்குள்ள பாலத்தை எத்தனை தடவ மூடுறாங்கன்னு பாப்போம்"னாங்க.