‘நச்சுநீக்கம்’ பொதுப்பெயராகலாமா?

அன்புடையீர், வணக்கம்.

தொழிலக வேதிப்பொருள்களைக் கல்லீரல் கையாளும் விதம் பற்றிய கட்டுரையொன்றுக்கு மெய்ப்புப் பார்க்கையில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். “உடலுக்குள் வரும் பென்சீனைக் கல்லீரல் நச்சுநீக்கம் செய்கிறது, அதில் தோன்றும் பொருள்கள் எலும்பு மச்சையைத் தாக்குகின்றன.” நஞ்சை நீக்கிய பிறகு எது தாக்குகிறது என்று வாசகர் கேட்பார். மொழிபெயர்த்தவரைக் குறைசொல்ல வழியில்லை. உடலுக்குள் ஒரு வேதிப்பொருள் வேறொன்றாக மாறுவதைக் குறிக்கும் ‘பயோடிரான்ஸ்ஃபர்மேஷன்’ என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கும் ‘நச்சுநீக்கம்’ என்பதைத்தான் அவர் எடுத்தாண்டிருக்கிறார். குறை நம் பட்டியலில் இருக்கிறது.

பென்சீன் கொழுப்பில் கரையும், நீரில் எளிதில் கரையாது. ஆகவே சிறுநீரகத்தால் அதை அப்படியே வெளியேற்ற இயலாது. கல்லீரலில் உள்ள பி450 குடும்பத்து நொதிகள், குறிப்பாக 2இ1 எனப்படுவது, அதன்மேல் ஆக்சிசனை ஏற்றி ஃபீனால், ஹைட்ரோகுயினோன் போன்றவையாக மாற்றுகின்றன. அவற்றோடு சல்பேட்டோ குளுக்குரோனிக் அமிலமோ இணைந்தால் அவை சிறுநீரில் போய்விடும். இணையாமல் தப்பியவை குருதி வழியே எலும்பு மச்சையை அடைகின்றன. ஹெக்சேனின் கதையும் இதுவே: நரம்பைக் கெடுப்பது கரைப்பானாக உள்ளே போன ஹெக்சேன் அன்று, கல்லீரல் அதிலிருந்து ஆக்கிய 2,5-ஹெக்சேன்டையோன். பிவிசி ஆலைத் தொழிலாளர்களிடம் 1974இல் வெளிப்பட்ட அரிய கல்லீரல் இரத்தநாளப் புற்றுக்கும், வினைல் குளோரைடு கல்லீரலில் எப்பாக்சைடாக மாறுவதே அடிப்படை. ஆக, ஒரே வினைத்தொடர் ஒரு பொருளை நஞ்சாக்கவும் கூடும், நஞ்சைத் தணிக்கவும் கூடும்.

ஆங்கிலத்திலும் இக்குழப்பம் இருந்தது. இத்துறைக்கு அடித்தளமிட்ட ஆர். டி. வில்லியம்ஸ் 1947இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘டீடாக்ஸிகேஷன்’ என்றுதான் இருந்தது. பின்னர் நடுநிலையான சொல்லுக்கு அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். நாம் அவர்கள் கைவிட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சென்ற மடல்களில் வந்த பரிந்துரைகளில் ‘வளர்சிதைமாற்றம்’ உணவுப்பொருள்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. பென்சீனைக் கொண்டு உடல் எதையும் வளர்ப்பதில்லை என்பதால் இங்கே பாதிச் சொல் வீணாகிறது. ‘உயிரிமாற்றம்’ என்பதைக் கேட்டவுடன் மரபணு மாற்றிய பயிர்தான் நினைவுக்கு வருகிறது. என் பரிந்துரை ‘அயல்வேதி மாற்றம்’. உடல் தானாக ஆக்காத, உணவாகவும் கொள்ளாத வேதிப்பொருள் ‘அயல்வேதி’. அது உடலுக்குள் வேறொன்றாவது ‘மாற்றம்’. நன்மை, தீமை இரண்டையும் இச்சொல் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. மாற்றம் தீமையில் முடிந்தால் ‘நச்சாக்கம்’, நன்மையில் முடிந்தால் ‘நச்சுத்தணிப்பு’ என உட்பிரிவாக வைத்துக்கொள்ளலாம். (பி450ஐத் தமிழாக்க வேண்டும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு பிணைந்த நிலையில் 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதால் ஏற்பட்ட பெயர் அது. எண்ணை மொழிபெயர்க்க முடியாது.)

ஒரு கலைச்சொல்லின் வலுவை அது ஏற்கும் அடைமொழிகளில்தான் சோதிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் இந்த மாற்றத்தின் வேகம் வேறுபடுகிறது. வயது, மரபு, பட்டினி, மதுப்பழக்கம், கருவுற்ற நிலை எல்லாம் அதை அசைக்கின்றன. நாள்தோறும் மது அருந்துபவரின் கல்லீரலில் 2இ1 நொதி மிகுந்திருக்கும். பழைய சொல்லின்படி அவரை ‘நச்சுநீக்கத் திறன் மிக்கவர்’ என்று எழுத நேரும். ஆனால் மற்றவர் சுவாசிக்கும் அதே அளவு கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் கரைப்பானின் ஆவியை அவரும் சுவாசித்தால், அதைத் தீவிர வினைபுரியும் துணுக்காக விரைந்து மாற்றும் அவருடைய கல்லீரல்தான் கூடுதலாகச் சிதையும். பட்டினி கிடப்பவருக்கு இரட்டைத் தொல்லை: 2இ1 கூடுகிறது, அத்துணுக்குகளை அடக்கும் குளூட்டத்தையோன் குறைகிறது. பிறந்த குழந்தையிடம் குளுக்குரோனிக் அமிலத்தை இணைக்கும் நொதிகள் முதிர்ந்திருப்பதில்லை, 2இ1உம் குறைவு. அதனால் அக்குழந்தைக்கு அபாயம் கூடுதலா குறைவா என்பதைப் பொருளுக்குப் பொருள் பார்த்துத்தான் சொல்ல முடியும். ‘அயல்வேதி மாற்ற வேகம்’ என்று எழுதினால் இவை எல்லாவற்றையும் முரணின்றிச் சொல்லிவிடலாம்.

இதையொட்டி ஒன்று. ‘என்சைம் இண்டக்ஷன்’ என்பதற்கு ‘நொதித் தூண்டல்’ என்று போட்டிருக்கிறோம். இருக்கும் நொதியை முடுக்கிவிடுவது போல ஒலிக்கிறது. நடப்பதோ நொதியின் அளவே கூடுவது. மது 2இ1ஐக் கூட்டுவது பெரும்பாலும் நொதி சிதையாமல் நிலைப்பதால்தான். ‘நொதிப் பெருக்கம்’ என்றால், நொதி கூடுதலாக உருவாவது, சிதையாமல் நிலைப்பது ஆகிய இரு வழிகளுக்கும் இடங்கொடுக்கிறது.

என் பரிந்துரையில் எனக்கே உறுத்தும் இடமும் உண்டு. பிலிருபினோடு குளுக்குரோனிக் அமிலத்தை இணைப்பதும், ஈஸ்ட்ரோசனை மாற்றுவதும் இதே நொதிக் குடும்பங்கள்தான். அவை உடலின் சொந்தப் பொருள்கள். அவற்றை ‘அயல்’ என்று சொல்லக் கூடாது. அத்தகைய இடங்களில் ‘மாற்றம்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, ‘பிலிருபின் மாற்றம்’ என்று பொருளின் பெயரை முன்னொட்டலாம் என நினைக்கிறேன். உயிர்வேதியியல் கற்பிப்பவர்கள் இதை ஏற்பார்களா என்று தெரிந்தால் பட்டியலில் திருத்திவிடலாம். அதுவரை கட்டுரையின் வரியை இப்படி மாற்றி வைத்திருக்கிறேன்: “பென்சீன் கல்லீரலில் அயல்வேதி மாற்றம் அடைகிறது, அதில் தோன்றும் பொருள்களில் வெளியேறாமல் தங்குபவை எலும்பு மச்சையைத் தாக்குகின்றன.”