மாற்றுத்திறனாளி சான்றிதழில் 70 சதவீதம் என்று உதவித்தொகையை நிராகரித்தார்கள், மேல்முறையீட்டில் 77 ஆனது (உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்)

என் தம்பிக்கு 29 வயது, வெல்டிங் வேலை பார்த்தவன். மூன்று வருடம் முன்பு பைக்கில் போகும்போது லாரி மோதியதில் இடது கைக்குப் போகும் நரம்புகள் தோளிலேயே அறுந்துவிட்டன. கை அப்படியே தொங்குகிறது. அதே விபத்தில் இடது தொடை எலும்பும் உடைந்தது. பிளேட் வைத்து எலும்பு கூடியபோது கால் குட்டையாகிவிட்டது, முட்டியும் பாதிதான் மடங்கும். நல்ல கை ஊன்றுகோலுக்கே போய்விடுவதால் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அவனால் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு எடுத்துவர முடியாது.

தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். மாதம் 2,000 ரூபாய். 2023 ஜனவரிக்கு முன்னால் 1,500 ஆக இருந்தது. கை கால் பாதிப்பு உள்ளவர்கள் 'கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்' பிரிவில் வர 75 சதவீத பாதிப்பு என்று சான்றிதழில் இருக்க வேண்டும். தம்பியின் மாற்றுத்திறனாளி சான்றிதழில் 70 என்று இருந்தது. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகக் கவுண்டரில் "தகுதி இல்லைம்மா" என்று வாயால் சொல்லி அனுப்பப் பார்த்தார்கள். எழுத்தில் கொடுங்கள் என்று நான் நகரவே இல்லை, மூன்றாவது முறை போனபோதுதான் ஒரு வரியில் கடிதம் கிடைத்தது. யாராவது நிராகரிக்கப்பட்டிருந்தால் முதலில் அந்தத் தாளை வாங்குங்கள். அது இல்லாமல் அடுத்த இடத்தில் பேசவே முடியாது.

அதற்குப் பிறகு நான் செய்தது தப்பு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்தேன். நான்கு பக்கம், அப்பா இறந்தது, வீட்டு வாடகை, அம்மாவின் சர்க்கரை எல்லாம் எழுதியிருந்தேன். மனு சுற்றிக்கொண்டு நிராகரித்த அலுவலகத்துக்கே வந்து அதே பதிலோடு திரும்பியது. அங்கிருந்த ஒரு ஊழியர்தான் பொறுமையாகச் சொன்னார், "சதவீதம் நாங்க போடுறதில்லைம்மா, அட்டையில என்ன இருக்கோ அதைத்தான் பார்க்கிறோம்." அப்போதுதான் புரிந்தது. பணம் இல்லை என்று சொன்னது ஒரு அலுவலகம், ஆனால் சதவீதத்தை முடிவு செய்தது சான்றிதழ் கொடுத்த மருத்துவக் குழு. நான் தட்டிக்கொண்டிருந்தது வேறு வீட்டுக் கதவு.

நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு, இதற்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. அங்கே இருந்த வக்கீல் அம்மா சொன்னதுதான் எனக்கு வழி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 59வது பிரிவு இருக்கிறது, சான்றிதழ் கொடுத்தவர்களின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். மாநில அரசின் விதிகளின்படி அந்த முடிவு வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பணம் கிடையாது என்ற கடிதத்தின் தேதியிலிருந்து இல்லை! அந்தக் கணக்கில் எங்களுக்கு ஏற்கெனவே 50 நாளுக்கு மேல் போயிருந்தது.

அன்றே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மருத்துவக் குழுவின் மதிப்பீட்டுத் தாளின் நகலைக் கேட்டு மனு போட்டேன். 26 நாளில் வந்தது. கை பற்றி எல்லாம் நிரப்பியிருந்தார்கள். கால் பகுதியில் ஒரு எழுத்துகூட இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யோசித்துப் பார்த்தால், தம்பி அன்று பேண்ட் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே அவ்வளவு நீள வரிசை. காலையும் பாருங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை, அதுகூடவா தெரியாமல் போகும் என்று நினைத்துவிட்டோம்.

81வது நாள் மேல்முறையீடு கொடுத்தோம். யாரிடம் கொடுப்பது என்பதையும் நல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் நான்கு பக்கத்தை வக்கீல் அம்மா ஒரே பக்கமாக்கினார். கால் அளக்கப்படவில்லை, இதோ மதிப்பீட்டுத் தாள், இதோ எக்ஸ்ரே, இதோ டிஸ்சார்ஜ் சம்மரி, மறுமதிப்பீடு வேண்டும், அவ்வளவுதான். இந்த முறை பக்கத்து மாவட்டத்து மருத்துவக் கல்லூரிக்கு வரச் சொன்னார்கள். தம்பி லுங்கியில் போனான். செருப்பைக் கழற்றச் சொல்லி நடக்கவிட்டார்கள், படுக்கவைத்து டேப்பால் இரண்டு காலையும் அளந்தார்கள், முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று குறித்தார்கள்.

காலுக்கு 30 வந்தது. 70-ம் 30-ம் 100 என்று நினைத்து அங்கே சண்டை போட்டுவிடாதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, 90-இலிருந்து அதைக் கழித்து, வருவதைச் சின்ன எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுத்துக் கூட்டுகிறார்கள். எங்களுக்கு 70 கூட்டல் 30 × 20 ÷ 90, அதாவது 76.67. சான்றிதழில் 77.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் என் மகள் விஷயத்தை எழுதத் தோன்றியது. அவளுக்கு 11 வயது, அறிவுசார் குறைபாடு. முதல் முறை 25 சதவீதம் போட்டார்கள், அதாவது எல்லைக்கோட்டில் இருக்கிறாளாம். இந்தப் பிரிவில் உதவித்தொகைக்கு 40 இருந்தால் போதும், அதுவும் இல்லை. ஆனால் அதற்கு நானும் ஒரு காரணம். அந்தச் சோதனையில் பெற்றோரிடம்தான் நிறையக் கேட்பார்கள், தானே சாப்பிடுவாளா, தானே உடுத்துவாளா, கடைக்குப் போவாளா என்று. பக்கத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், முடியாது முடியாது என்று எப்படிச் சொல்வேன்? எல்லாவற்றுக்கும் "செய்வாள்" என்றேன். அவள் சாப்பிடுவது உண்மைதான், நான் பிசைந்து உருட்டிக் கொடுத்தால் சாப்பிடுவாள். சட்டை போடுவாள், பட்டன் போடத் தெரியாது. கடைக்குப் போவாள், திரும்பி வர வழி தெரியாது.

மேல்முறையீட்டுக்கு முன்னால் என் மனைவி ஒரு நோட்டில் பத்து நாள் எழுதினாள், காலையிலிருந்து ராத்திரி வரை எதற்கெல்லாம் நாங்கள் கூட நிற்கிறோம் என்று. ஸ்பெஷல் ஸ்கூல் டீச்சரிடமும் ஒரு கடிதம் வாங்கினோம். இந்த முறை மகளை வெளியே பாட்டியோடு உட்காரவைத்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னோம். 50 சதவீதம் வந்தது. கூட்டிச் சொல்ல வேண்டியதே இல்லை. நம் பிள்ளையைக் குறைத்துச் சொல்ல வாய் வராமல் நாம் மறைப்பதைச் சொன்னால் போதும்.

*

எனக்குக் கிடைக்கவில்லை, அதையும் யாராவது எழுத வேண்டும் இல்லையா. பட்டாசு விபத்தில் ஒரு கண் முழுதாகப் போய்விட்டது, மற்றது நன்றாகத் தெரியும். 30 சதவீதம் போட்டார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 வேண்டும். மேல்முறையீடு செய்தேன், இரண்டு முறை வேலைக்கு லீவு போட்டு அலைந்தேன், அப்போதும் 30 தான். அரசு வழிகாட்டியிலேயே, ஒரு கண் முற்றிலும் போய் மறு கண் நன்றாக இருந்தால் 30 என்றுதான் இருக்கிறது. எந்த டாக்டராலும் அதை மாற்ற முடியாது. அளவில் தவறு நடந்திருந்தால் மேல்முறையீடு உதவும், விதியே அப்படி இருந்தால் உதவாது. இரண்டு கண்ணால் பார்க்கிறவன் தூரத்தைக் கணிப்பதுபோல என்னால் முடிவதில்லை, லேத் வேலையை விட வேண்டி வந்தது, அதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அது நியாயம் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.

*

அண்ணா, நீங்கள் எழுதியது மிக முக்கியம், நன்றி. மதிப்பீட்டுத் தாள் கைக்கு வராமல் இருந்திருந்தால் எங்களுடையது அளவில் நடந்த தவறா, விதியே அப்படியா என்று எங்களுக்கும் தெரிந்திருக்காது.

செலவு எவ்வளவு என்று கேட்டவருக்கு: ஸ்டாம்பு, ஜெராக்ஸ், பதிவுத் தபால் எல்லாம் இருநூறுக்குள். பக்கத்து மாவட்டத்துக்குக் கார் வைத்ததுதான் பெரிய செலவு, பஸ் படி தம்பியால் ஏற முடியாது. புதிய சான்றிதழை வைத்து மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பித்தோம், நடுவில் போன மாதங்களுக்குப் பணம் வரவில்லை.

அந்த மேல்முறையீட்டுத் தாளில் 'இடது கால் 5 செ.மீ. குட்டை' என்று எழுதியிருந்தது. விபத்துக்குப் பிறகு இத்தனை வருடத்தில் யாரும் எங்களுக்கு அதை எண்ணாகச் சொன்னதில்லை. முதல் மாதப் பணம் வந்ததும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், இடது பக்கம் உயரம் கூட்டிய செருப்பு ஒன்றுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த வாரம் தயாராகிவிடும் என்றார் செருப்பு செய்பவர்.