காம்பாக்ட் எஸ்யூவியா, கிராஸ்ஓவரா: எதை வைத்து ஒப்பிடுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இதுவரை ஹேட்ச்பேக் ஓட்டி வந்த நாங்கள், குடும்பம் பெரிதாகிவிட்டதால் சற்று உயரமான வண்டிக்கு மாற எண்ணியிருக்கிறோம். முழங்கால் வலி உள்ள அம்மா, குழந்தை இருக்கையில் அமரும் இரண்டு வயது மகள் உட்பட ஐந்து பேர் பயணம் செய்வோம். பெரும்பாலும் தார்ச்சாலைதான் என்றாலும், மழை பெய்தால் சேறாகிவிடும் மண்பாதை ஒன்றிலும் அவ்வப்போது போக வேண்டியிருக்கிறது. காம்பாக்ட் எஸ்யூவி, கிராஸ்ஓவர் இரண்டிலும் சிலவற்றைப் பார்த்தோம். வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எவற்றை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்?

பதில் 1

முதலில் வண்டியின் அடிப்பகுதியைப் பாருங்கள். பழைய வகை எஸ்யூவியில் லேடர் ஃபிரேம் என்னும் தனிச் சட்டகத்தின் மீது உடற்பகுதி பொருத்தப்பட்டிருக்கும். கிராஸ்ஓவரிலோ, காரில் உள்ளதுபோல் இரண்டும் ஒன்றாகவே அமைந்த மோனோகாக் கட்டமைப்பு இருக்கும். 1990களின் நடுவில் டொயோட்டாவின் ராவ்4, ஹோண்டாவின் சிஆர்-வி ஆகியவை இந்த வழியைப் பரவலாக்கின. இன்று காம்பாக்ட் எஸ்யூவி என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவையும் கட்டமைப்பில் கிராஸ்ஓவர்களே. சுஸுகி ஜிம்னி விதிவிலக்கு: அதில் லேடர் ஃபிரேமும், பாறையிலும் செங்குத்தான ஏற்றத்திலும் மெதுவாக, மிகுந்த இழுவிசையுடன் நகர உதவும் லோ ரேஞ்ச் கியரும் உண்டு. ஆனால் அதில் நால்வர்தான் அமர முடியும் என்பதால், உங்கள் தேவைக்கு அது ஒத்துவராது.

எனவே, உங்கள் ஒப்பீடு பெரும்பாலும் மோனோகாக் வண்டிகளுக்கிடையேதான் நடக்கப்போகிறது. அங்கே கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி, என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சில நிறுவனங்கள் காலி வண்டியில் அளந்ததையும், சில ஆட்களும் சுமையும் ஏறிய நிலையில் அளந்ததையும் தருகின்றன. இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் கணக்கு தவறிவிடும். உங்கள் பாதையில் மேடு இருந்தால், முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தையும் பாருங்கள். வீல்பேஸ் நீளமாக இருந்தால் வயிற்றுப்பகுதி தட்டும்.

பதில் 2

அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. உயரமான வண்டி முழங்காலுக்கு நல்லது என்று பலர் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. இருக்கை மிகத் தாழ்ந்திருந்தால் எழும்போது வலிக்கும், மிக உயர்ந்திருந்தால் ஏறும்போது வலிக்கும். கதவைத் திறந்து, அவர் முதுகைத் திருப்பி நின்று அப்படியே பின்னால் அமர்ந்து, பிறகு இரு கால்களையும் உள்ளே எடுத்து வைக்கட்டும். கதவின் கீழ்விளிம்பு அகலமாக இருந்தால் காலைத் தூக்கி வைப்பதற்கே சிரமப்படுவார். பின்கதவை முழுவதும் திறந்த பிறகும், சக்கரத்தின் மேல் வளைவு உள்ளே நீண்டு வழியைக் குறுக்குகிறதா என்றும் கவனியுங்கள்.

குழந்தை இருக்கையையும் கையோடு கொண்டுபோங்கள். பெரும்பாலான வண்டிகளில், குழந்தை இருக்கையை வண்டியோடு நேரடியாக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பின்வரிசையின் இரு ஓரங்களில்தான் இருக்கும். அங்கே இருக்கையை மாட்டிவிட்டால், நடுவில் அமர்பவருக்கான சீட் பெல்ட் பக்கிள் அதன் அடியில் மறைந்து, கைவிரல் நுழையாத நிலை சில வண்டிகளில் ஏற்படுகிறது. ஐந்து பேர் எப்போதும் போகும் குடும்பத்திற்கு இது சிறிய விஷயம் அல்ல.

டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் ஒப்பிடும்போது, ஜன்னல் மட்டம் வரை அளந்தார்களா, கூரை வரையா என்று கேளுங்கள்.

பதில் 3

நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் ஆல் வீல் டிரைவ் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். இது உள்ள கிராஸ்ஓவர்களில் வழக்கமாக முன்சக்கரங்களே வண்டியை இழுக்கும்; அவை வழுக்கும்போதுதான் ஒரு கிளட்ச் வழியாகப் பின்சக்கரங்களுக்கும் விசை போகும். நின்ற இடத்திலிருந்து கிளம்புவதற்கு இது பெரிதும் உதவும். ஆனால் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரத்தை இது குறைக்காது, வளைவில் டயரின் பிடிமானத்தையும் கூட்டிவிடாது. எடையும் எரிபொருள் செலவும் சற்றுக் கூடும். மேலும், நான்கு டயர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும் என்பதால், ஒன்று பழுதானால் சில வேளைகளில் நான்கையும் மாற்ற நேரிடும்.

உயரம் கூடக் கூட வண்டி கவிழும் அபாயமும் கூடும். இடது, வலது சக்கரங்களுக்கிடையிலான அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் பெரிதாக இருப்பது நல்லது. வண்டி சறுக்கும்போது தானாகவே பிரேக் பிடித்து நிலைப்படுத்தும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இல்லாத வண்டியை, எவ்வளவு பிடித்திருந்தாலும், பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். விபத்துச் சோதனை நட்சத்திரங்களைப் பார்க்கும்போது ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். சோதனை விதிகள் கடுமையாகிக்கொண்டே வருவதால், பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எங்கள் மண்பாதையில் பாறைகள் இல்லை, ஆனால் இறுதியில் ஒரு ஏற்றம் உண்டு. முன்சக்கர இழுவை போதுமா?

பதில் 3

ஏற்றத்தில் வண்டியின் எடை பின்பக்கம் சாய்வதால் முன்சக்கரங்களின் பிடி குறையும். ஐந்து பேரும் சாமான்களும் இருந்தால் இன்னும் குறையும். ஏற்றம் மிதமாக இருந்தால், சேற்றுக்கு ஏற்ற டயர்களுடன் முன்சக்கர இழுவையே போதும். செங்குத்தாக, களிமண்ணாக இருந்தால் ஆல் வீல் டிரைவுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது நியாயம், அப்போதும் டயர்களை மாற்றத்தான் வேண்டும். டெஸ்ட் டிரைவின்போது ஐவரும் ஏறிக்கொண்டு, இதே போன்ற ஓர் ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள்.